முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் மேலே தூக்க முடியாத பாதம்: நரம்பு பிளாக் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

64 வயதுப் பெண், எடை 72 கிலோ. 12 ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரி 7.4%. இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 0.9. வலது முழங்கால் மூட்டு முற்றிலும் தேய்ந்து, நடை வீட்டுக்குள் சுருங்கிவிட்ட நிலையில் முழு மூட்டு மாற்று அறுவைக்குச் சேர்ந்தார்.

இந்த முழங்காலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வால்கஸ் கோணல் 18 பாகை: முழங்கால் உள்நோக்கி வளைந்து, கணுக்கால் வெளியே தள்ளியிருந்தது. இரண்டாவது, காலை முழுதாக நீட்ட முடியாதபடி 15 பாகை மடங்கிய நிலையிலேயே இறுகியிருந்தது. இப்படிப்பட்ட காலில் வெளிப்பக்கத் திசுக்கள் பல ஆண்டுகளாகக் குறுகிக் கிடக்கும். அங்கே ஃபிபுலா எலும்பின் (கெண்டைக்காலின் வெளிப்பக்க எலும்பு) தலையைச் சுற்றித் தோலுக்குச் சற்று கீழே ஓடும், பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்கும் பொதுப் பெரோனியல் நரம்பும் அந்தக் குறுகிய நீளத்துக்கே பழகியிருக்கும். அறுவையில் கால் ஒரே நாளில் நேராக்கப்படும்போது நரம்பு இழுபடுகிறது. மூட்டு மாற்றுக்குப் பின் பாதம் தொங்கிப்போகும் அபாயம் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் என்பது எலும்பு அறுவை மருத்துவர்கள் நன்கறிந்தது. சர்க்கரை நோயால் நரம்பு முன்பே நலிந்திருந்தால் சிறு இழுப்பும் அதைப் பாதிக்கும்.

அறுவைக்கு முந்தைய மயக்கவியல் பரிசோதனைத் தாளில் நரம்பு நிலை பற்றி ஒரே வரிதான் இருந்தது: "நரம்புக் குறைபாடு இல்லை." எந்தத் தசை, எவ்வளவு வலு என்ற விவரம் கிடையாது. நல்ல வேளையாக இயன்முறை மருத்துவர் தம் தாளில் விரிவாக எழுதியிருந்தார்: இரு பாதங்களையும் மேலே தூக்கும் வலு 5/5 (0 என்றால் அசைவே இல்லை, 5 என்றால் முழு வலு), பெருவிரலை நிமிர்த்தும் வலு 5/5, உள்ளங்கால்களில் மெல்லிய இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் உணர்வு குறைவு. பின்னால் நடந்தவற்றை எடைபோட இந்த ஒரு பதிவு பெரிதும் உதவியது.

## வலிநிவாரணத் திட்டமும் அதன் காரணமும்

நரம்பு பிளாக் என்பது நரம்பருகே மரக்கச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்துவது. மூட்டு மாற்றுக்குப் பிந்தைய வலிக்கு ஒரு காலத்தில் தொடை நரம்பு பிளாக்கும், தொடையின் பின்புறம் இறங்கும் சயாடிக் நரம்புக்கான பிளாக்கும் சேர்த்துப் போடப்பட்டன. வலி நன்றாகவே அடங்கியது. ஆனால் தொடை நரம்பு பிளாக் தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸைத் தளர்த்திவிடும். எழுந்து நிற்கும்போது முழங்கால் மடங்கி நோயாளி விழுவார். சயாடிக் பிளாக் பாதம் முழுவதையும் அசைவற்றதாக்கும். அறுவையில் பெரோனியல் நரம்புக்கு அடிபட்டிருந்தால் அது ஒரு நாள் கழித்தே தெரியவரும். இந்த இரண்டு குறைகளையும் தவிர்க்கத்தான் அடக்டர் கெனால் பிளாக்கும் ஐபேக் பிளாக்கும் வழக்கத்துக்கு வந்தன.

அடக்டர் கெனால் பிளாக்கில் தொடை நடுப்பகுதியில், சார்ட்டோரியஸ் தசைக்குக் கீழே, தொடைத் தமனியை ஒட்டி மருந்து செலுத்தப்படுகிறது. காலின் உட்பக்க உணர்வுக்கான சஃபினஸ் நரம்பும், தொடையின் உட்பக்கத் தசையான வாஸ்டஸ் மீடியாலிஸுக்குப் போகும் கிளையும் மரத்துப்போகும். முழங்காலின் முன்பக்க, உட்பக்க வலி அடங்கும். காலைத் தூக்கும் வலு பெரும்பாலும் மிஞ்சும். பின்பக்க வலிக்கு இது போதாது. அதற்குத்தான் ஐபேக். முழங்காலுக்குப் பின்னால் பாப்லிட்டியல் தமனிக்கும் மூட்டு உறைக்கும் இடையிலுள்ள இடத்தில் மருந்தைப் பரப்பி, மூட்டுக்குள் நுழையும் மெல்லிய கிளைகளை மட்டும் மரக்கச் செய்வது அதன் நோக்கம். பாதத்தைக் கீழே அழுத்த உதவும் டிபியல் நரம்பும் பெரோனியல் நரம்பும் தப்பிவிட வேண்டும். ஆனால் அவை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மருந்து நாம் நினைத்த எல்லையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அன்றைய திட்டம் அத்துறையின் வழக்கமான திட்டமே: ஸ்பைனல் (இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்ய முதுகில் போடும் ஊசி), அடக்டர் கெனால், ஐபேக், அறுவை மருத்துவர் மூட்டைச் சுற்றிப் போடும் ஊசி. மருந்துக் கணக்கு முன்கூட்டியே போடப்பட்டது. மரக்கச் செய்யும் மருந்தான ரோபிவகைனின் உச்ச அளவு கிலோவுக்கு 3 மி.கி. என்று கொண்டால் 72 கிலோவுக்கு 216 மி.கி. அடக்டர் கெனாலுக்கு 0.5% மருந்து 20 மி.லி., அதாவது 100 மி.கி.; ஐபேக்குக்கு 0.2% மருந்து 20 மி.லி., 40 மி.கி.; மூட்டைச் சுற்றி 0.2% மருந்து 35 மி.லி., 70 மி.கி. மொத்தம் 210 மி.கி. மூன்று இடங்களில் இருவேறு ஆட்கள் போடும் மருந்தை ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் பல இடங்களில் விட்டுப்போகிறது. அறுவை மருத்துவர் கலக்கும் ஊசி மயக்கவியல் தாளில் ஏறுவதே இல்லை. நச்சு அளவைத் தாண்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மருந்து நச்சு ஏறினால் உடனே செலுத்த 20% லிப்பிட் (கொழுப்புப்) பால்மம் அறையிலேயே இருந்தது. இந்த எடைக்கு முதல் அளவு சுமார் 100 மி.லி.

அளவைக் கணக்கிட்டபோது எழாத கேள்வி ஒன்று உண்டு: அறுவை முடிந்ததும் இந்தக் காலில் எதைப் பார்த்தாக வேண்டும்? 18 பாகை வால்கஸ் கால் என்றால் பதில் தெளிவு. பாதம் மேலே தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அசைவை மறைக்கக்கூடிய எந்த ஊசியும் அதைப் பார்ப்பதற்கு முன் போடப்படக் கூடாது.

## அறுவை நாள்: காலை

8:10 மணிக்கு மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஸ்பைனல், மரக்கச் செய்யும் மருந்தான 0.5% கனமான புபிவகைன் 2.6 மி.லி. ஒரே குத்தில் தெளிவான திரவம் வந்தது. கூச்சமோ மின்னதிர்வோ இல்லை.

8:25 மணிக்கு அடக்டர் கெனால் பிளாக். தொடை நடுவில் குறுக்காக வைத்த அல்ட்ராசவுண்ட் புரோப், வெளிப்பக்கத்திலிருந்து வந்த ஊசி, தமனியின் ஓரத்தில் முனை. முதலில் 2 மி.லி. சலைன் செலுத்தி இடம் விரிகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு 5 மி.லி.க்கும் பின்னிழுத்துச் சோதித்து, 20 மி.லி. மருந்து செலுத்தப்பட்டது.

8:35 மணிக்கு ஐபேக். காலை வெளிப்புறமாகச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, உட்பக்கத்திலிருந்து வளைந்த புரோப்பின் கீழே தமனிக்கும் தொடை எலும்புக்கும் நடுவே ஊசி சென்றது. சேமித்த படத்தைப் பின்னர் பார்த்தபோது, ஊசி முனை தமனியின் வெளி விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ 2 செ.மீ. போயிருந்தது தெரிந்தது. அங்கிருந்து ஊசியைப் பின்வாங்கியபடியே 20 மி.லி. செலுத்தப்பட்டது. சாதாரண முழங்காலில் பலர் கையாளும் முறைதான் இது. ஆனால் வெளிப்பக்கம் போகப்போகப் பெரோனியல் நரம்பு நெருங்குகிறது. அங்கே முதல் சில மி.லி. விழுந்தாலே போதும்; மீதி எங்கே விழுந்தாலும் பாதம் அசையாது போகலாம். இரண்டு பிளாக்குகளும் ஸ்பைனலுக்குப் பின் போடப்பட்டதால், ஊசி நரம்பைத் தொட்டிருந்தாலும் நோயாளி உணர்ந்து சொல்லியிருக்க முடியாது.

அறுவை 9:05 மணிக்குத் தொடங்கியது. இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் டூர்னிக்கெட் 84 நிமிடங்கள் கட்டப்பட்டிருந்தது. வெளிப்பக்கத்தில் இறுகிய பட்டை பல சிறு வெட்டுகளால் தளர்த்தப்பட்டு, கோணலும் மடக்கமும் முழுதாக நேராக்கப்பட்டன. மூட்டைச் சுற்றிய ஊசியில் 10 மி.லி. பின்பக்க உறையில் செலுத்தப்பட்டதாக அறுவைக் குறிப்பு சொல்கிறது. வாந்தியைத் தடுக்கவும் பிளாக்கின் வீரியம் நீடிக்கவும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 8 மி.கி. சிரை வழி தரப்பட்டது. கால் நீட்டிய நிலையில், தொடை நடுவிலிருந்து கெண்டைக்கால் வரை பஞ்சு வைத்து அழுத்தக் கட்டு. 10:50 மணிக்கு மீட்பு அறை.

## கண்டது

மதியம் 1:00 மணிக்கு, ஸ்பைனல் போட்டு ஐந்து மணி நேரம் நெருங்கும்போது, செவிலியர் இரு கால்களையும் அசைக்கச் சொன்னார். இடது கால் முழு வலுவோடு அசைந்தது. வலது காலில்:

- பாதத்தை மேலே தூக்குதல்: 0/5
- பெருவிரலை நிமிர்த்துதல்: 0/5
- பாதத்தைக் கீழே அழுத்துதல்: 3/5
- முழங்காலை நேராக வைத்துக் காலைத் தூக்குதல்: தூக்கினார், கொஞ்சம் தளர்வாக
- பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையிலுள்ள தோல்: உணர்வு இல்லை
- பாத நாடி: நன்றாக இருந்தது, விரல்கள் சூடு, அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்பியது
- கெண்டைக்கால்: தளர்வாக, விரல்களைப் பிறர் மடக்கி நீட்டினாலும் வலி இல்லை
- வலி மதிப்பு: 1/10

செவிலியர் இதைக் குறித்துக்கொண்டு நிறுத்தவில்லை. உடனே மயக்கவியல் மருத்துவரையும் அறுவை மருத்துவரையும் அழைத்தார். "பிளாக் போட்டிருக்கிறார்கள், மரத்துத்தான் இருக்கும்" என்று விட்டுவிட எல்லா நியாயமும் இருந்த தருணம் அது. அவர் விடாததால்தான் அடுத்த கட்டங்கள் நேரத்தோடு நடந்தன.

## என்னவாக இருக்கலாம்

ஸ்பைனல் இன்னும் விலகவில்லையா? இடது கால் முழுதாகத் திரும்பிவிட்டது. கனமான புபிவகைன் ஒரு பக்கத்தில் மட்டும், அதிலும் பாதத்தைத் தூக்கும் தசைகளில் மட்டும், இவ்வளவு தங்குவதற்கு வாய்ப்பில்லை. முதுகுத்தண்டில் இரத்தக் கட்டு என்றால் முதுகுவலி, இரு கால்களிலும் பரவும் தளர்ச்சி, சிறுநீர்த் தடை போன்றவை எதிர்பார்க்கப்படும். எதுவும் இல்லை. ஆகவே சிக்கல் முழங்கால் மட்டத்தில் என்று முடிவானது.

அங்கே நான்கு சாத்தியங்கள். ஐபேக் மருந்து பெரோனியல் நரம்பை எட்டியிருக்கலாம். அறுவை மருத்துவர் பின்பக்கத்தில் போட்ட 10 மி.லி. எட்டியிருக்கலாம். கோணலை நேராக்கியதில் நரம்பு இழுபட்டிருக்கலாம். கட்டோ உள்ளே தேங்கும் இரத்தமோ ஃபிபுலா தலையருகே நரம்பை அழுத்தியிருக்கலாம். பாதத்தைக் கீழே அழுத்தும் வலுவும் 3/5 ஆகக் குறைந்திருந்தது மருந்தின் பக்கம் கையைக் காட்டியது. இழுப்பு என்றால் பெரோனியல் நரம்பு மட்டுமே பாதிக்கப்பட்டு, டிபியல் நரம்பு தப்பியிருப்பதே வழக்கம். ஆனால் இது ஊகத்துக்குத் துணை, அவ்வளவே. மருந்தும் இழுப்பும் ஒரே காலில் சேர்ந்தும் இருக்கலாம்.

## எடுத்த முடிவுகள்

மருந்துதான் காரணம் என்றால் செய்ய எதுவும் இல்லை, தானாக விலகும். அழுத்தமோ இழுப்போ என்றால் கடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்புக்குக் கேடு. காரணம் தெரியாத நிலையில், மோசமானதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு செயல்படுவது என்று குழு தீர்மானித்தது. தேவையான செயல்கள் எளியவை; தவறாகப் போனாலும் நோயாளிக்குத் தீங்கு இல்லை.

1:15 மணிக்குக் கட்டு தோல் வரை வெட்டித் திறக்கப்பட்டது. மேல் துணியை மட்டும் தளர்த்தி உள்ளிருக்கும் பஞ்சை விட்டுவிடுவது போதாது. இரத்தத்தில் ஊறி உலர்ந்த பஞ்சு அட்டைபோல் இறுகிவிடும். காயத்தின் மேல் மெல்லிய ஒட்டுக்கட்டு மட்டும் போடப்பட்டது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து ஏறத்தாழ 40 பாகை மடக்கி வைத்தார்கள். நீட்டிய நிலையில் இழுபடும் நரம்பு மடக்கினால் தளரும். ஃபிபுலா தலை எதிலும் படாதபடியும், குதிகால் அந்தரத்தில் இருக்கும்படியும், கால் வெளிப்பக்கம் சாய்ந்து விழாதபடியும் முட்டுக்கொடுத்தார்கள். கால் வெளியே சாய்ந்து ஃபிபுலா தலை மெத்தையில் அழுந்துவதே தனியாக நரம்பைக் கெடுக்கும். மரத்த காலில் நோயாளிக்கு அது தெரியாது.

அன்று மாலை எழுப்பி நிற்க வைக்கும் திட்டம் கைவிடப்பட்டது. பாதம் தொங்கும் காலோடு நடைபழக்கினால் விரல் தரையில் தடுக்கி விழுவார். புதிய மூட்டோடு விழுவதைவிட ஒரு மாலை படுக்கையில் இருப்பது மேல். படுக்கை ஓரத்தில் உட்கார வைப்பது மட்டும் அனுமதிக்கப்பட்டது. பாதம் கீழே தொங்கி இறுகாமலிருக்கக் கணுக்காலுக்குத் தாங்கி பொருத்தப்பட்டது.

கண்காணிப்புக்குத் தனித் தாள் ஒன்று தயாரானது. மணிக்கு ஒருமுறை: பாதம் தூக்கும் வலு, பாதம் அழுத்தும் வலு, விரலிடைத் தோலின் உணர்வு, கெண்டைக்காலின் இறுக்கம், விரல்களைப் பிறர் நீட்டும்போது வலி, நாடி. "கால் அசைகிறது" என்று பொதுவாக எழுதக் கூடாது, எண்தான் எழுத வேண்டும் என்று தாளின் தலைப்பிலேயே எழுதப்பட்டது. முழங்காலைத் தூக்கினாலும் "கால் அசைகிறது" என்றே எழுதிவிடுவார்கள். பாதத்தைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லாது.

எல்லைகளும் குறிக்கப்பட்டன. நாடி குறைந்தாலோ, கெண்டைக்கால் இறுகினாலோ, பிளாக் இருக்கும்போதே வலி ஏறினாலோ, தளர்ச்சி மேலே பரவினாலோ, இடது காலிலும் தோன்றினாலோ உடனே அழைக்க வேண்டும். ஐபேக் போட்டு 24 மணி நேரத்துக்குள், அதாவது மறுநாள் காலை 8:35 மணிக்குள், பாதம் தூக்கும் வலு 1/5 கூட எட்டவில்லை என்றால் மருந்தைக் காரணம் காட்டுவது நிறுத்தப்படும். இரத்தத் தேக்கம் உண்டா என்று படம் எடுத்து, நரம்பியல் மருத்துவரின் கருத்து கேட்கப்படும். இந்த எல்லை முன்கூட்டியே எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு. எல்லை இல்லாவிட்டால் ஒவ்வொரு பணிமாற்றத்திலும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றே நாள் நகரும்.

நரம்பு மின்சோதனை பற்றியும் பேசப்பட்டது. நரம்பு சிதைந்திருந்தாலும் அதன் அடையாளங்கள் மின்சோதனையில் தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். முதல் நாளில் எடுத்தால் பெரும்பாலும் பழைய சர்க்கரை நரம்புப் பாதிப்பே தெரியும். தேவைப்பட்டால் நான்காம் வாரத்தில் என்று தள்ளி வைக்கப்பட்டது.

நோயாளி கேட்ட கேள்வி ஒன்றே: "டாக்டர், என் பாதம் இப்படியே நின்னுடுமா?" அவருக்குச் சொல்லப்பட்டது: "அம்மா, வலிக்குப் போட்ட மருந்து பரவியதால் இப்படி இருக்கலாம், அப்படியென்றால் இன்று இரவுக்குள் அசைவு திரும்ப ஆரம்பிக்கும். நரம்பு இழுபட்டதாலும் இருக்கலாம். அதற்கு வேண்டியதை இப்போதே செய்துவிட்டோம். இரண்டில் எது என்று இந்த நிமிடத்தில் சொல்ல முடியாது. மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்போம்." மகளிடமும் இதே சொற்கள் சொல்லப்பட்டன. "மரத்துத்தான் இருக்கு, சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் பேச்சை மாற்ற நேர்ந்தால், அதன்பின் சொல்லும் எதையும் குடும்பம் நம்பாது.

## மாலையும் இரவும்

3:00 மணிக்குப் பாதம் அழுத்தும் வலு 4/5. தூக்கும் வலு இன்னும் 0. 5:00 மணிக்கு விரலிடைத் தோலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு. 6:30 மணிக்குத் தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது: 1/5. 8:00 மணிக்கு 2/5, 10:00 மணிக்கு 3/5. இடையில் 6:00 மணிக்குச் சர்க்கரை 284 ஆக ஏறி இன்சுலின் தரப்பட்டது. சர்க்கரையை ஏற்றும் டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. பெற்ற சர்க்கரை நோயாளியிடம் இது எதிர்பார்த்ததே.

பாதம் தேறிவருவதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியடைந்த வேளையில் வேறொன்று விட்டுப்போனது. பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி குறைக்கும் மற்றொரு மாத்திரையான செலிகாக்சிப் 200 மி.கி. இரவு 8:00 மணிக்கு என்று எழுதியிருந்தது. மதியம் 2:00 மணிப் பாராசிட்டமால் கொடுக்கப்பட்டது. 8:00 மணிக்குரிய இரண்டும் கொடுக்கப்படவில்லை. மருந்துத் தாளில் காரணம்: "வலி 1, உறங்குகிறார்."

நள்ளிரவு தாண்டி 1:30 மணிக்கு வலியால் விழித்தார். வலி 8/10, முழங்காலின் முன்பக்கமும் உட்பக்கமும்.

பகலில் பாதம் செயலிழந்த காலில் இரவில் கடும் வலி என்றால், உடனே மார்ஃபினைக் கையில் எடுக்கக் கூடாது. முதலில் விலக்க வேண்டியது கால் தசை அறைகளில் அழுத்தம் ஏறுவது. கெண்டைக்கால் தளர்வாக இருந்தது. விரல்களைப் பிறர் மடக்கி நீட்டியபோது வலி கூடவில்லை. நாடி நன்றாக இருந்தது, ஒட்டுக்கட்டு இறுகவில்லை. பாதம் தூக்கும் வலு 4/5 ஆக முன்னேறியிருந்தது. அடுத்து ஒரு சிறு சோதனை: கணுக்காலின் உட்பக்கத்துக்கு மேலே, சஃபினஸ் நரம்புப் பகுதியில் பனிக்கட்டி வைக்கப்பட்டது. மாலையில் அங்கே குளிர்ச்சி தெரியவில்லை; இப்போது தெரிந்தது. அடக்டர் கெனால் பிளாக் விலகிவிட்டது, வலி வந்திருப்பது அதனால் என்பதற்கு இது நல்ல சான்று. அந்தத் தோல் இன்னும் மரத்திருக்கும்போதே முன்பக்கத்தில் 8/10 வலி வந்திருந்தால் கதை வேறு. அப்போது அறுவை மருத்துவரை எழுப்பியே ஆக வேண்டும்.

பிறகு மார்ஃபின் 2 மி.கி. வீதம் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை, பாராசிட்டமால் 1 கிராம் சிரை வழி, விடுபட்ட செலிகாக்சிப், முழங்கால்மேல் பனிப்பொதி. மூச்சு எண்ணிக்கையும் மயக்க நிலையும் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு மார்ஃபின் ஊசியும். 2:15 மணிக்கு வலி 4/10. மார்ஃபின் 10 மி.கி. எட்டியும் அடங்காவிட்டால் அடக்டர் கெனால் பிளாக்கை மட்டும் மீண்டும் போடலாம் என்று முடிவு செய்திருந்தனர். முதல் மருந்து செலுத்தி 17 மணி நேரம் கடந்திருந்ததால் அளவு தடையில்லை. ஐபேக்கை மீண்டும் போடுவதில்லை என்பது உறுதி. அடக்டர் கெனாலிலும் மருந்து அதிகமானால் கால்வாயின் கீழ்த் துளை வழியே முழங்கால் பின்புறம் இறங்கும் என்பதால் 10 முதல் 15 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று குறிக்கப்பட்டது. அதற்குத் தேவை வரவில்லை.

பிளாக் விலகும்போது வரும் இந்த வலி ஏன் இவ்வளவு கடுமையாகத் தெரிகிறது என்றால், அறுவையின் வலி படிப்படியாக ஏறுவதற்குப் பதில் ஒரு மணி நேரத்துக்குள் முழுதாக வந்து இறங்குகிறது. உடலில் வேறு எந்த வலிநிவாரணியும் இல்லாத வேளையில் அது வந்தால் 8 என்ற எண் வியப்பில்லை. காலையில் போட்ட ஒற்றை ஊசி நள்ளிரவையொட்டித்தான் விலகும். பணியாளர்கள் குறைவாக இருக்கும் நேரமும் அதுவே.

## விளைவு

காலை 6:00 மணிக்குப் பாதம் தூக்கும் வலு 5/5, பெருவிரல் 5/5, விரலிடை உணர்வு முந்தைய நிலைக்குத் திரும்பியது. 9:00 மணிக்கு நடைசட்டகத்தோடு எழுந்து நின்று பத்து அடி நடந்தார். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஆறாம் வாரப் பரிசோதனையில் முழங்கால் 110 பாகை மடங்கியது, பாதத்தில் குறை எதுவும் இல்லை, மின்சோதனை தேவைப்படவில்லை.

அசைவு திரும்பிய வேகமும் ஒழுங்கும் ரோபிவகைன் விலகும் போக்கோடு பொருந்துகின்றன. ஆனால் கட்டைத் திறந்ததும் முழங்காலை மடக்கியதும் அதே மதியத்தில் நடந்தவை. இலேசான அழுத்தம் ஒன்று சேர்ந்து இருந்து, அது இதனால் விலகியிருந்தால், பார்வைக்கு இப்படியேதான் தெரியும். எனவே "ஐபேக் மருந்தின் பரவல், பெரும்பாலும்" என்றே கோப்பில் எழுதப்பட்டது. "பெரும்பாலும்" என்ற சொல்லை நீக்குவதில்லை என்று குழு முடிவு செய்தது.

## மாற்றப்பட்டவை

15 பாகைக்கு மேல் வால்கஸ், அல்லது 10 பாகைக்கு மேல் மடங்கி இறுகிய முழங்கால், அல்லது முன்பே பெரோனியல் நரம்புப் பலவீனம் உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் ஐபேக் போடுவது நிறுத்தப்பட்டது. இந்த எண்கள் அத்துறை தனக்கு வகுத்துக்கொண்டவை. இவர்களுக்கு அடக்டர் கெனால் மட்டும். ஸ்பைனல் விலகி, பாதம் தூக்கும் வலு எண்ணில் பதிவான பிறகு, பின்பக்க வலி தாங்க முடியாததாக இருந்தால் மட்டும் ஐபேக் பற்றி யோசிக்கலாம். மற்ற நோயாளிகளுக்கு ஐபேக் தொடர்கிறது; ஊசி முனை தமனியின் வெளி விளிம்போடு நிற்க வேண்டும், அளவு 15 மி.லி.க்குள், முனை இருந்த இடத்தின் படம் கட்டாயம் சேமிக்கப்பட வேண்டும்.

அறுவை மருத்துவரின் ஊசியும் இதே விதிக்குள் வந்தது. வால்கஸ் முழங்காலில் பின்-வெளி மூலையில் மருந்து போடப்படுவதில்லை. ஐபேக்கை விட்டுவிட்டு அதே இடத்தில் உள்ளிருந்து 10 மி.லி. செலுத்தினால் விட்டதற்குப் பொருளே இல்லை. அறுவைக்கு முந்தைய கூட்டுச் சரிபார்ப்பில் "பின்பக்கத்தில் யார், எவ்வளவு?" என்பது ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டது.

மயக்கவியல் பரிசோதனைத் தாளில் "நரம்புக் குறைபாடு இல்லை" என்ற வரி நீக்கப்பட்டு, பாதம் தூக்குதல், பெருவிரல் நிமிர்த்தல், பாதம் அழுத்துதல், விரலிடை உணர்வு ஆகிய நான்குக்கும் இரு கால்களுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வந்தன. நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

மருந்துத் தாளில் பாராசிட்டமாலுக்கும் செலிகாக்சிப்புக்கும் எதிரே "வலி இல்லாவிட்டாலும் தர வேண்டும், உறங்கினால் எழுப்பித் தர வேண்டும்" என்று அச்சிடப்பட்டது. பிளாக் போட்ட நேரத்தோடு, அது விலகக்கூடிய நேரமும் எழுதப்படுகிறது: 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை. அந்த இடைவெளி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரைகள் வயிற்றில் இருக்க வேண்டும். நோயாளியிடமும் இது சொல்லப்படுகிறது. வலி திரும்பும் என்று தெரிந்தவர் 3/10 ஆகும்போதே மணியடிப்பார், தெரியாதவர் 8 வரை பொறுத்துக்கிடப்பார்.

அடக்டர் கெனாலில் குழாய் விட்டு 0.2% ரோபிவகைனைத் தொடர்ந்து செலுத்தலாமே என்ற கருத்தும் ஆராயப்பட்டது. முதல் இரவைத் தாண்ட அது உதவும். ஆனால் குழாய் நகரும், கசியும், நடைப்பயிற்சியில் இழுபடும். அதைப் பார்த்துக்கொள்ள இரவில் பயிற்சி பெற்றவர் வேண்டும். மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுப்பதே இன்னும் சீராகாத ஒரு வார்டில் முதலில் அதைச் சரிசெய்வதுதான் முறை என்று குழாய் தள்ளி வைக்கப்பட்டது.

இதே நோயாளியின் இடது முழங்கால் ஐந்து மாதம் கழித்து மாற்றப்பட்டது. அதில் வால்கஸ் 16 பாகை. ஸ்பைனலும் அடக்டர் கெனால் பிளாக்கும் மட்டும். அறுவை மருத்துவர் முன்பக்கத்திலும் உட்பக்கத்திலும் மட்டுமே ஊசி போட்டார். மதியம் ஸ்பைனல் விலகியதும் இடது பாதம் தூக்கும் வலு 5/5 என்று பதிவானது. முழங்கால் பின்புறம் வலி 5/10 இருந்தது. வலது கால் அறுவைக்குப் பின் அதே நேரத்தில் இருந்ததைவிட அதிகம். பாராசிட்டமால், செலிகாக்சிப், மார்ஃபின் 4 மி.கி. ஆகியவற்றில் அது 3/10 ஆனது. ஐபேக் போடவில்லை. இரவு 8:00 மணி மாத்திரைகளை எழுப்பிக் கொடுத்தார்கள். பின்னிரவில் பிளாக் விலகியபோது வலி 4/10க்கு மேல் போகவில்லை.